மருதப்பன் வண்டியை மண்டியிட வைத்த கதை

சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் வெல்டிங் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. இருந்துவிட்டுப் போகட்டும். லாரிக்காரர்கள் அத்தனையையும் தாண்டி வந்து, கடைசியில் தகரம் துருப்பிடித்த ஒரு கொட்டகை முன்னால்தான் வண்டியை நிறுத்துவார்கள். அந்தக் கொட்டகையின் போர்டில் ‘மருதப்பன்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கும். என்ன வேலை, போன் நம்பர் என்ன, ஒன்றும் கிடையாது. யாராவது கேட்டால், "கோமதியம்மன் கோயிலுக்குப் போன் நம்பரா எழுதிப் போட்டிருக்கு? சனம் தானா வரல?" என்பார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அதில் நட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். பதினோரு வயதில் ஒரு லாரிப் பட்டறையில் துருத்தி சுற்றப் போனார். மேஸ்திரி சாப்பிடப் போகிற அரை மணி நேரத்தில் திருட்டுத்தனமாகக் கம்பியைப் பிடித்துப் பிடித்தே வெல்டிங் கற்றார். யாரும் கைப்பிடித்துச் சொல்லித் தந்ததில்லை. முப்பது வயதில் சொந்தக் கொட்டகை போட்டார். இப்போது அறுபத்து மூன்று. எழுத்து என்றால் தன் பெயர் எழுதுவார், பஸ் போர்டு படிப்பார். ஆனால் ரோட்டில் ஒரு வண்டி போகிற சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் ஸ்பிரிங் பட்டை ஒடிந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். அது ஒரு நாளும் தப்பியதில்லை. இதை அவரே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறார் என்றாலும், உண்மை உண்மைதானே.

அப்படிப்பட்டவரிடம் மாசி மாதம் ஒரு காலையில் மாடத்தி வந்தார். குருவிகுளம் பக்கத்துக் கிராமம். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் போன பிறகு ஆட்டுக் கிடையைத் தானே நடத்துகிற பெண். கூடவே தம்பி சிவனாண்டி தன் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"அண்ணாச்சி, இந்த வண்டியத் தாழ எறக்கித் தர முடியுமா?"

"எவ்வளவும்மா எறக்கணும்?"

"சினை ஆடு தானா கால எடுத்து வச்சு ஏறணும். அவ்வளவுதான்."

மருதப்பன் சிரித்துவிட்டார். "பெரிய ஊர்ல வெடலப் பயலுவ வண்டியத் தாழ்த்தி, பாட்டப் போட்டுட்டுத் திரியுதானுவ. அத செல்போன்ல பாத்திருக்கேன். ஆட்டுக்காகத் தாழ்த்தணும்னு வந்த மொத ஆளு நீதான் தாயி."

மாடத்தி சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். குருவிகுளம் பக்கம் வானம் பார்த்த பூமி. பங்குனி பிறந்தால் ஆட்டுக்குப் பச்சை கிடையாது, தண்ணீர் கிடையாது. அந்த நேரம் வாசுதேவநல்லூர் பக்கம் வயலெல்லாம் அறுப்பு முடிந்து கிடக்கும். அங்கே ஆட்டைத் தங்கவைத்துக் கிடை போட்டால் ஆட்டுக்கு நெல்தாள், வயலுக்கு உரம். முன்பெல்லாம் ஓட்டிக்கொண்டே நடந்து போவார்கள். இன்றைக்கு ரோட்டில் வருகிற லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் சினை ஆட்டை நடத்துவது நடக்கிற காரியமா? வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கிறது. வண்டித் தளமோ இடுப்பு உயரம். முன்னங்காலை ஒருவர், பின்னங்காலை ஒருவர் பிடித்துத் தூக்கிப் போட வேண்டும். வயிறு அமுங்கும்.

"போன பங்குனில பதினோரு ஆடு குறைக்குட்டி வீசிருச்சு அண்ணாச்சி. மடில பாலு கட்டிப் போயி, அடுத்த ஆட்டுக் குட்டியத் தேடிப் போயிப் போயி முட்டு வாங்குச்சு. நான் பாத்துக்கிட்டே நின்னேன். இந்த வருசம் நாப்பது சினை நிக்கி. இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா எல்லாத்தையும் வித்துட்டு ஒரு ஓரமா உக்காந்துருவேன். இனிமே என்னால ஆகாது."

பக்கத்துக் கடை லேத் பட்டறை முகம்மது சாதிக் காதில் இது விழுந்தது. நாற்பது வருடச் சிநேகிதம். ஒரு நாளைக்குப் பத்து முறையாவது மருதப்பனைச் சீண்டாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது.

"இதுக்கு எதுக்குவே வண்டிய அறுக்கணும்? ஒரு பலகையச் சாய்ச்சுப் போட்டா ஆடு ஏறிட்டுப் போவுது."

"பலகைல ஏறும் பாய்," என்றார் மாடத்தி. "பாதிவரைக்கும் ஏறும். செங்குத்தா இருக்குல்லா, குளம்பு வழுக்கும். அப்புறம் பக்கவாட்டுல குதிக்கும். குதிச்சா அதுக்குத் தூக்கிப் போட்டதே தேவல."

"அப்ப நீளப் பலகையாப் போடுங்க."

"பன்னெண்டு அடிப் பலகைய வரப்பு மேல எங்கன போட?"

மருதப்பன் சாதிக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வண்டிய விட்டுட்டுப் போ தாயி. பங்குனி பொறந்து பத்து நாளுக்குள்ள உன் ஆடு மகாராணி கணக்கா ஏறிப் போகும்," என்றார்.

மறுநாள் அவர் இரும்பைத் தொடவில்லை, முதல் காரியமாக பஸ் ஏறிக் குருவிகுளம் போனார். ஆட்டுக் கிடையின் வாசலில் ஹாலோபிளாக் கல்லை ஒரு வரிசை அடுக்கச் சொன்னார். பிறகு இரண்டு வரிசை. மேலே ஒரு சின்னப் பலகை. நாள் முழுக்க வேப்ப மர நிழலில் உட்கார்ந்து எந்த ஆடு ஏறுகிறது, எது நின்று யோசிக்கிறது, எது திரும்பிப் போகிறது என்று பார்த்தார். படித்தவனாக இருந்தால் புத்தகத்தைத் தேடியிருப்பான். மருதப்பன் ஆட்டையே கேட்டார். ஆடு சொன்ன கணக்கு இது: முழங்கால் உயரமும் முழ நீளப் பலகையும் என்றால் ஏறுவேன், அதற்கு மேல் என்றால் உன் வேலையைப் பார்.

இடுப்பு உயரத்தை முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். நிரந்தரமாகத் தாழ்த்தினால் வண்டி வேகத்தடையில் வயிறு தட்டி நின்றுவிடும். ஆகவே ஓடும்போது உயரமாகவும், நிற்கும்போது மண்டி போட்டும் இருக்க வேண்டும். அதற்குக் காற்று வேண்டும். சொகுசு பஸ்ஸில் பட்டைக்குப் பதிலாகக் கனத்த ரப்பர் பலூன் வைத்திருப்பார்கள். காற்றை ஏற்றினால் தூக்கும், விட்டால் இறக்கும். பின்பக்கம் இரண்டு பலூன் வைத்துவிடலாம் என்று மருதப்பன் முடிவு செய்தார்.

ஆனால் சிக்கல் அங்கேதான் ஆரம்பம். ஸ்பிரிங் பட்டை என்பது ஓர் ஆள் இல்லை, மூன்று ஆள். பாரத்தைச் சுமக்கும். பின் அச்சை முன்னே பின்னே ஓடாமல் பிடித்திருக்கும். அச்சு தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ளும். பலூன் சுமக்க மட்டும்தான் செய்யும். பட்டையைக் கழற்றிவிட்டால் அச்சைப் பிடிக்க ஆள் வேண்டும். அதற்குத்தான் இரும்புக் கை. கீழே இரண்டு கை, மேலே இரண்டு கை. ஒரு முனை வண்டிச் சட்டத்தில், மறுமுனை அச்சில். கீழ்க் கைகள் நேராகப் போகும். மேல் கைகள் அச்சை நோக்கிச் சாய்ந்து கூடும், அப்போதுதான் அச்சு பக்கவாட்டில் நழுவாது.

இதையெல்லாம் அவர் காகிதத்தில் வரையவில்லை. விளக்குமாற்றிலிருந்து தென்னை ஈர்க்கை உருவி, சேலைப் பெட்டி அட்டையில் கருவேல முள்ளால் குத்தி, ஈர்க்கை மேலும் கீழும் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். இரண்டு நாள் அதே வேலை.

சாதிக் எட்டிப் பார்த்தார். "என்னவே, எலை தைக்கப் போறீரா? எத்தன பந்தி?"

"உமக்குத்தான்வே மொதப் பந்தி. வேலை முடியட்டும், எலையப் போட்டு ஒக்கார வச்சு, இந்த வண்டியப் பரிமாறுதேன்."

"எனக்கு இரும்பு செரிக்காது. புஷ்ஷும் பின்னும் எத்தன கடையணும்னு சொல்லும்."

சீண்டினாலும் கடைசல் வேலையில் சாதிக்கை மிஞ்ச ஆள் கிடையாது. நாலு கையின் எட்டு மூட்டுக்கும் எட்டு புஷ், எட்டு பின். ஒரு மயிரிழை பிசகாமல் கடைந்து கொடுத்தார். பலூன் மட்டும் புதிதாக வாங்கினார்கள். காற்றடிக்கிற பம்ப் உட்பட மற்றதெல்லாம் பழைய இரும்புக்கடை. வண்டி படுக்கும்போது அச்சு மேலே இடிக்கக் கூடாது என்று சட்டத்தை அந்த இடத்தில் அறுத்து, வில் மாதிரி வளைத்துப் பற்றவைத்தார் மருதப்பன். பதினைந்து நாள். காற்றுக் குழாயின் திருகைத் திறந்தபோது வண்டி ‘புஸ்’ என்று மூச்சு விட்டு, பின்பக்கம் மெதுவாக மண்டியிட்டது. ரோட்டில் போன பஸ்காரன் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டிப் பார்த்தான்.

"யான படுத்துப் பாத்திருப்பிய, ஒட்டகம் படுத்துப் பாத்திருப்பிய. பிக்கப் படுத்துப் பாத்திருக்கியளாவே?" டீக்கடையில் அன்று மருதப்பன் பேச்சுத்தான். "நான் பத்தவச்ச பத்து. இனிமே இத எவனும் அறுக்க முடியாது. நானே நெனச்சாலும் முடியாது."

பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டுமல்லவா? இருபது ஆட்டு எடைக்கு மாடத்தியின் கிடையிலிருந்தே ஆட்டுப்புழுக்கை மூட்டைகளை ஏற்றினார்கள். பனவடலிசத்திரம் வரை போய்த் திரும்பினார்கள். சிவனாண்டி ஒரு கையால் ஓட்டிக்கொண்டு வந்தான். "அண்ணாச்சி, தொட்டில் கணக்கா இருக்கு!" என்றான்.

மாடத்தி மட்டும் சட்டென்று ஒப்பவில்லை. "மொதல்ல கடாவும் வறட்டாடும் ஏத்திப் பாப்போம். சினைய அப்புறம் பாப்போம்."

ஏற்றினார்கள். ஒன்றையும் தூக்கவில்லை. வண்டி மண்டி போட்டது, மாடத்தி உள்ளே நின்று கூப்பிட்டார், பதினெட்டு உருப்படியும் தானாக ஏறின. மருதப்பன் முன்சீட்டில் சிவனாண்டிக்கும் மாடத்திக்கும் நடுவில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். நாலு மைல் போகவில்லை, குளத்துக்கரையில் ரோடு வலது பக்கம் வளைகிற இடம் வந்தது.

சிவனாண்டி ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினான். வண்டி நிறையத் திரும்பியது. பின்னால் பதினெட்டு ஆடும் ஒரே மூச்சில் இடது பக்கம் சாய்ந்தன. அவன் பதறிப்போய் ஸ்டியரிங்கை நேராக்கினான். வண்டி கேட்கவில்லை. பின்சக்கரம் தன் இஷ்டத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டு போக, முன்சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் புதைந்து நின்றது. எதிரே ஒரு முழத் தூரத்தில் பனைமரம்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கிழட்டுக் கடா மற்ற ஆடுகளின் அடியில் மாட்டி நொண்டியது. அவ்வளவுதான்.

மாடத்தி இறங்கினார். பேசாமல் திருகைத் திறந்தார். வண்டி அந்தச் சாய்ந்த நிலையிலும் ஒழுங்காக மண்டி போட்டது. ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"ஏறுது, எறங்குது. அது சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி," என்றார். "நடுவுல போற வழிதான் சரியில்ல. என் சினை ஆட்ட இதுல ஏத்த மாட்டேன்."

கம்பை எடுத்துக்கொண்டு ஆடுகளை ஓட்டியபடி வந்த வழியே நடந்து போய்விட்டார்.

அன்று மாலை பட்டறையில் மருதப்பன் சொன்னது: "வண்டில ஒரு கொறையும் இல்ல. ஒரு டன் மூட்டையோட போயிட்டு வந்த வண்டி. ஆடுதான் சரியில்ல. ஒழுங்கா நிக்கத் தெரியல."

"ஆமாவே," என்றார் சாதிக். "கடவுள் ஆட்ட டிசைன் பண்ணும்போது உம்மகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

மற்ற நாளாக இருந்தால் மருதப்பன் அதற்கு நாலு பதில் வைத்திருப்பார். அன்று விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். பங்குனி பிறக்க ஆறு நாள்தான் இருந்தது. நாள் தள்ளிப்போய்க் குட்டி போடத் தொடங்கிவிட்டால் பிறகு எந்த வண்டியிலும் ஏற்ற முடியாது. விற்றுவிடுவேன் என்று மாடத்தி சொன்னது சும்மா மிரட்டல் இல்லை. சிவனாண்டி போனில் சொன்னான், ஆட்டு வியாபாரி ஒருத்தன் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான் என்று.

இரண்டு நாள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஈர்க்கை ஆட்டினார். கையை அளந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வீட்டில் மனைவி யோகலட்சுமி சோற்றைப் போட்டுவிட்டு, "இப்படித் தட்டப் பாத்துக்கிட்டு இருந்தா அது சொல்லுமா? தப்பு எங்கன நடந்துச்சோ அங்கன போயிப் பாருங்க," என்றார். முப்பத்து மூன்று வருடத்தில் பட்டறைக்குள் காலெடுத்து வைக்காத பெண்மணி. மருதப்பன் அதைக் காதில் வாங்காத மாதிரி சாப்பிட்டு முடித்தார். விடிந்ததும் சிவனாண்டியை வரவழைத்து, காலி வண்டியிலேயே குருவிகுளம் போனார்.

"கடாவும் வறட்டாடும் மட்டும் இன்னொரு தடவ குடு தாயி. ரோட்டுல போவல. தண்ணி வத்துன குளத்துக்குள்ள சுத்துவோம். நான் பின்னால ஆட்டோட ஆடா நிக்கேன். விழுந்தா எம்மேல விழட்டும்."

மாடத்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்க வயசுக்கு இது வேணுமா அண்ணாச்சி?"

"எனக்கு என்ன வயசு? ஒரு கடாவுக்கு உள்ள வயசுதான்."

தளத்தின் பலகையில் ஒரு சதுரம் அறுத்து, அச்சு தெரிகிற மாதிரி ஓட்டை போட்டுக்கொண்டார். பதினேழு ஆடு, நடுவில் மருதப்பன். சிவனாண்டி காய்ந்த குளத்துக்குள் வண்டியை மெதுவாக வட்டமடித்தான். ஆட்டு வாடையும் புழுதியும் மூக்கை அடைத்தன. ஒரு கடா அவருடைய துண்டின் நுனியை மென்றது. அவர் மண்டியிட்டு ஓட்டையில் கண்ணை வைத்திருந்தார்.

முதல் வட்டத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாவதில் ஒன்று தெரிந்தது. மூட்டை படுத்திருக்கும், ஆடு நிற்கும். வண்டி திரும்பினால் மூட்டை போட்ட இடத்தில் கிடக்கும். ஆடோ முதலில் ஒன்று கால் மாற்றும், அது மாற்றினால் அத்தனையும் மாற்றும். பாரம் மொத்தமும் ஒரே பக்கம் போய்விடும். அதைவிட முக்கியம், வளைவு முடிந்த பிறகும் அங்கேயே சாய்ந்து நிற்கும்.

மூன்றாவது வட்டத்தில் அச்சைப் பார்த்தார். வண்டி இடப்பக்கம் சாயச் சாய, அச்சின் இடப்பக்கம் பின்னால் போனது. வலப்பக்கம் முன்னால் வந்தது. அச்சே கோணலாகத் திரும்புகிறது! பின்சக்கரமும் ஸ்டியரிங் பிடிக்கிறது. பிறகு ஓட்டுகிறவன் பேச்சை வண்டி எப்படிக் கேட்கும்?

"நிறுத்துலே!" என்று கத்தினார்.

இறங்கி வந்து, தன் வலது கையைத் தோளிலிருந்து முன்னால் மட்டமாக நீட்டினார். கொஞ்சம் மேலே தூக்கினார், கொஞ்சம் கீழே இறக்கினார். விரல்நுனி முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. இப்போது கையைக் கீழ்நோக்கிச் சரித்து வைத்துக்கொண்டு தூக்கினார். விரல்நுனி வெளியே தள்ளிக்கொண்டு போனது. அவ்வளவுதான் சங்கதி. கீழ்க் கைகளின் முன்முனையை அவர் சட்டத்தில் உயரத்தில் பற்றவைத்திருந்தார். வேகத்தடையில் இடிக்கக் கூடாதே என்ற முன்யோசனை. அதனால் கை எப்போதும் பின்னால் சரிந்தே நின்றது. வண்டி சாயும்போதெல்லாம் ஒரு சக்கரத்தைத் தள்ளியது, மறு சக்கரத்தை இழுத்தது. பாரம் ஏறியதும் கை மட்டமாக நிற்க வேண்டும். அதை விட்டுவிட்டு வேகத்தடையைப் பார்த்திருக்கிறார்.

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். ‘சின்னதா ஒரு திருகு டைட் பண்ணணும்’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மருதப்பன் மாடத்தியிடம் நேராகப் போனார்.

"தாயி, ஆட்டு மேல தப்பில்ல. எம்மேலதான் தப்பு. கைய மேல வச்சுட்டேன்."

அண்ணாச்சி வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா என்று சிவனாண்டி வாயைப் பிளந்தான்.

"ஏலே, என்ன பாக்க? தப்பு செய்யுதவன் ஊருக்கு நூறு பேரு இருக்கான். அதக் குனிஞ்சு கண்டுபுடிக்கிறவன் நான் ஒருத்தன்தான்," என்றார் மருதப்பன்.

"சரி அண்ணாச்சி," என்றார் மாடத்தி. "நீங்க கைய எறக்கிக்கிடுங்க. நான் ஒண்ணு சொல்லுதேன். ஆட்டுக்கு எடம் நெறைய இருந்தா சாயத்தான் செய்யும். நெடுக ரெண்டு கம்பி போட்டு மூணு வரிசையா நெருக்கி நிறுத்துங்க. ஒண்ணுக்கொண்ணு முட்டுக் குடுத்துக்கிடும். கெடைல மழை பேஞ்சா அப்படித்தான நிக்கி."

பட்டறைக்குத் திரும்பி, யாரும் அறுக்க முடியாது என்று அவர் சொன்ன பற்றுகளை அவரே அறுத்தார். சாதிக் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மருதப்பன் முகத்தைப் பார்த்துவிட்டு, சும்மா போய் இன்னொரு காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். முன்முனையை நாலு விரற்கடை கீழே இறக்கிப் பற்றவைத்தார்கள். வேகத்தடையில் தட்டினால் என்ன செய்வது? அந்த இடத்துக்கு அடியில் படகின் மூக்கு மாதிரி வளைந்த ஒரு தகட்டைப் போட்டார் மருதப்பன். தட்டினாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். இது முதலிலேயே தோன்றியிருந்தால் இத்தனை பாடு இல்லை. என்ன செய்ய, மூளையும் சூடேறினால்தான் வளையும்.

குளத்துக்குள் மறுபடி சுற்றினார்கள். இந்த முறை பின்னால் ஆடுகளோடு நின்றவர் மாடத்தி. வேகமாகத் திருப்பச் சொன்னார், இடதும் வலதும் மாற்றி மாற்றித் திருப்பச் சொன்னார், திடீரென்று பிரேக் போடச் சொன்னார். முடிந்ததும் புழுதி அப்பிய முகத்தோடு இறங்கி, "நாளைக்குக் காலைல வாங்க," என்றார்.

மறுநாள் பங்குனி நாலு. வெயில் ஏறுமுன் வண்டி கிடைக்குப் போய் மண்டி போட்டது. பலகை மேல் சாக்கு விரித்திருந்தார்கள். மாடத்தி மடியில் கருவேலங்காய் கட்டிக்கொண்டு வண்டிக்குள் போய் நின்றார். யாரையும் ஆட்டின் பின்னால் நிற்க விடவில்லை. விரட்டக் கூடாது, இழுக்கக் கூடாது, தொடக் கூடாது. காயைக் கையில் குலுக்கினார். வயிறு இரு பக்கமும் புடைத்த ஒரு கருப்பு ஆடு வந்து பலகையை முகர்ந்தது. சாக்கை முகர்ந்தது. அது முன்னங்காலை வைத்தது, கொஞ்ச நேரம் அப்படியே நின்று அசை போட்டது. பிறகு மாமியார் வீட்டுக்குப் போகிற மாதிரி, அவசரமில்லாமல், உள்ளே போனது.

இரண்டு நடையில் நாற்பதும் வாசுதேவநல்லூர் போய்ச் சேர்ந்தன. குளத்துக்கரை வளைவில் சிவனாண்டி ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினானோ அவ்வளவுதான் வண்டி திரும்பியது. வழியில் பதினேழு வேகத்தடை. மூன்றில் அடித்தகடு உரசியது, வழுக்கிப் போனது. வயலுக்குப் போகிற வண்டிப்பாதையில்தான் கடைசி நூறு அடி தூரம் போக முடியவில்லை, பள்ளம். ரோட்டிலேயே மண்டி போட வைத்து இறக்கினார்கள். மேலே மலை, கீழே அறுத்த தாள். ஆடுகள் தலையைக் குனிந்துகொண்டு மேயப் போய்விட்டன.

மருதப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். "எப்படி?"

"இப்பச் சொல்ல முடியாது அண்ணாச்சி. அலைச்சல் பட்ட ஆடு மூணு நாள் கழிச்சும் வீசும். நாலாம் நாள் சொல்லுதேன்."

அந்த மூன்று நாளும் பட்டறையில் அவர் வேலை செய்தார் என்று சொல்ல முடியாது. ஒரு டிராக்டர் டிரெய்லருக்குக் கொக்கியைத் தலைகீழாகப் பற்றவைத்துவிட்டார். "ஓய், இந்தக் கொக்கி ஆகாயத்துல எதப் புடிக்கப் போவுது?" என்றார் சாதிக். போன் அடிக்கும்போதெல்லாம் மருதப்பன் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தானாகக் கூப்பிட்டுக் கேட்கவும் மனசில்லை.

நாலாம் நாள் காலை பஸ் ஏறிவிட்டார். வாசுதேவநல்லூரில் இறங்கி, வெயிலில் ஒரு மைல் நடந்து வயலுக்குப் போனார். மாடத்தி வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஒண்ணு கூட வீசல அண்ணாச்சி."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்ல. வியாபாரிகிட்ட வர வேண்டாம்னு சொல்லிட்டேன். அடுத்த வருசமும் இங்கனதான் கெடை. வடக்கூர் ஆளுக ரெண்டு பேரு வண்டியப் பாக்கணும்னு கேட்டாவ. ஒங்க போர்டுல போன் நம்பர் இல்லையாம்லா, எங்கிட்டக் கேட்டாவ. குடுத்திருக்கேன்."

மருதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அதான் எனக்கு அன்னைக்கே தெரியுமே," என்றார். மாடத்தி ஊற்றிக் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, வந்த வேகத்திலேயே திரும்பி பஸ் ஏறினார்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் யாரோ ஓர் ஆசாமி, மடியில் எலுமிச்சை மூட்டை. மருதப்பனுக்கு ஆள் கிடைத்தது போதும். பட்டை மூன்று ஆள் என்று ஆரம்பித்து, பலூன், நாலு கை, குளத்துக்குள் ஆட்டோடு ஆடாக நின்றது, பதினேழு வேகத்தடை வரைக்கும் சொல்லி முடித்தார். எலுமிச்சைக்காரர் எல்லாவற்றுக்கும் "அப்படியா, அப்படியா" என்று தலையாட்டிக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அது சரி அண்ணாச்சி, எத்தன குட்டி போட்டிருக்கு?"

மருதப்பன் திகைத்துப் போனார். எத்தனை செத்தது என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனார். எத்தனை பிறந்தது என்று கேட்கவே தோன்றவில்லை. அவசரமாகப் போனை எடுத்து மாடத்தியைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் குட்டிகளின் சத்தம் பேச்சை மூடியது.

"தாயி, குட்டி எத்தன?"

"காலைல ஒம்பது. அங்கிட்டு மர நெழல்ல கூடு போட்டு அடைச்சிருந்தேன், நீங்கதான் பாக்கல. நீங்க போன பெறகு கருப்பி ரெண்டு போட்டிருக்கு. இப்ப இன்னொண்ணு காலப் பரப்பி நிக்கி. போன வைங்க அண்ணாச்சி, அப்புறம் எண்ணிச் சொல்லுதேன்!"

போன் பட்டென்று நின்றது. மருதப்பன் எலுமிச்சைக்காரர் பக்கம் திரும்பினார்.

"பதினொண்ணு," என்றார். "சங்கரன்கோவில் போய்ச் சேருததுக்குள்ள பன்னெண்டு."